ஒரு கல்லு உப்பு

காரியத்துக்கு முதல் நாள் காலையில் உண்ணாமலை கேட்ட கேள்வி ஒன்றும் பெரியதில்லை.

"அண்ணா, சாயங்காலம் படையல் வைக்கணும். அவருக்கு என்னென்ன புடிக்கும்னு சொல்லுங்க, ஆக்கிடறோம்."

கட்டின புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்று வெளி ஆளைக் கேட்கிறாளே என்று அங்கிருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை. செத்துப்போன ராஜேந்திரன் வீட்டில் சாப்பிட்டதைவிட வேடியப்பனோடு உட்கார்ந்து சாப்பிட்டதுதான் அதிகம். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் வேடியப்பன் டிரைவர், ராஜேந்திரன் கண்டக்டர். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் ஏறி, நரைத்த பிறகு இறங்கினார்கள். அதுவரைக்கும் காலை டீ, மத்தியானச் சோறு, சாயங்கால வடை எல்லாம் ஒன்றாகத்தான்.

ராஜேந்திரனுக்கு டீ என்றால் நாக்கு பொசுங்க வேண்டும், சர்க்கரை ஜாஸ்தியாக இருக்க வேண்டும். வேடியப்பனுக்கு ஆறிப்போய் மேலே ஆடை கட்டினால்தான் டீ, சர்க்கரையும் கம்மி. மசால் வடையில் ஒருவருக்கு முறுகல், ஒருவருக்கு மெத்து. ஒருவர் ஓயாமல் பேசுவார், இன்னொருவருக்காக ஹாரன்தான் பேசும். எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே பஸ்ஸில் அத்தனை வருஷம் ஓட்டினார்களோ என்று பஸ் ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள்.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் வேடியப்பன் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணா" என்றாள் ராஜேந்திரனின் தங்கை தமிழ்செல்வி. ஊரிலிருந்து வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேகவெச்ச மல்லாட்ட" என்று வேர்க்கடலையில் ஆரம்பித்தார். "கீர வட. முறுகலா சுடணும். கொய்யாக்கா, பழுக்காதது. மொளகாத்தூளும் உப்பும் வெக்கணும் பக்கத்துல. சட்டப் பையில எப்பவும் ஒரு பொட்டலம் வெச்சிருப்பான்." டிக்கெட்டோடு டிக்கெட்டாக அந்த உப்புப் பொட்டலம் இருக்கும். எதைத் தின்றாலும் ராஜேந்திரனுக்கு உப்பு ஒரு கல்லு தூக்கலாக இருக்க வேண்டும்.

"டீ?"

"கொதிக்கக் கொதிக்க."

"அப்புறம்ணா?"

படையல் என்பது இந்தப் பக்கத்தில் சும்மா சாஸ்திரத்துக்கு வைப்பது இல்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறுவார்கள். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். பார்த்துக்கொண்டே நின்றால் அவர் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பிட மாட்டாராம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிச் சாப்பிட வருகிற ஆள் இலையைப் பார்த்து முகம் வாடிப் போனால் என்ன செய்வது? வேடியப்பனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு" என்றார். "கேவுரு களி."

கூடத்தில் அரிவாள்மனைச் சத்தம் நின்றது.

இந்த வீட்டில் மீன், கறி, கருவாடு என்று எந்தக் கவிச்சியும் கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ராஜேந்திரனின் மகன் மாறன் இரண்டாவது படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். டாக்டர்கள் கையை விரித்த அன்றைக்கு உண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரில் தெருவிலேயே விழுந்து வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் நானும் என் புருஷனும் சாகிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டோம். பிள்ளை பிழைத்தான். ராஜேந்திரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். ஓயாமல் பேசுகிற மனுஷன் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

உண்ணாமலை எழுந்து வந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுல சாப்டாராண்ணா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்புடி சொல்றீங்க, புடிக்கும்னு?"

இந்த இடத்தில் ராஜேந்திரனாக இருந்தால் கதையாக விரித்து எல்லோரையும் நம்ப வைத்திருப்பார். வேடியப்பனுக்கு அந்த வித்தை தெரியாது. "ஞாயித்துக்கெழம நான் சாப்புடுவேன். அவன் பாத்துக்கினு இருப்பான்" என்றார்.

தமிழ்செல்வியின் மாமியார் கிழவி களுக்கென்று சிரித்துவிட்டாள். "பாத்துக்கினு மட்டுமா இருந்தான்? யாருகிட்ட கத உடற நீ?"

உண்ணாமலை சிரிக்கவில்லை. அவள் கண் சமையலறைப் பக்கம் போனது. அங்கே மருமகள் நந்தினி ஏழு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். வேண்டுதலை மீறிய பாவம் அந்த வயிற்றில் வந்து விடியுமோ என்று உண்ணாமலைக்குப் பதறியது.

"போதும்ணா. அது இந்த வீட்டுல வராது" என்றாள்.

வேடியப்பனுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. நண்பனுக்கு ஒரு கவளம் கிடைக்கட்டும் என்று வாயைத் திறந்தார். கடைசியில் அவனைத் திருட்டுத்தனமாகத் தின்றவனாக ஆக்கிவிட்டார். மறுத்துச் சொல்ல அவன்தான் இல்லையே.

சாயங்காலம் படையல் நடந்தது. மல்லாட்டை, வடை, கொய்யாக்காய், ஆவி பறக்கும் டீ, சாம்பார், பாயசம். கதவைச் சாத்தினார்கள். மாடியறையில் குடியிருக்கும் வடநாட்டுப் பெண்கூடப் படியில் இறங்கி வந்து கை கட்டி நின்றாள். செங்கம் ரோட்டில் ஆட்டோக்கள் அலறிக்கொண்டு போயின. வேடியப்பன் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ராஜேந்திரன் இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு. மறுநாள் காரியத்தில் உண்ணாமலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. மாறன் மட்டும், "டீ குடிங்க பெரிப்பா" என்று தம்ளரை நீட்டினான். அதில் சர்க்கரை கம்மியாகவே இருந்தது.

வேடியப்பன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மாறன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, ராஜேந்திரன் முதல் நாள் டூட்டிக்கு வந்தார். மத்தியானம் கீழ்பென்னாத்தூரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். ராஜேந்திரன் டப்பாவில் தயிர்ச்சோறும் ஊறுகாயும். வேடியப்பன் தன்னுடையதைத் திறந்தார், வாடை வந்ததும் சட்டென்று மூடினார். பொண்டாட்டி எல்லம்மாள் விஷயம் தெரியாமல் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

"எதுக்குடா மூடற?" என்றார் ராஜேந்திரன்.

"பசிக்கல."

"பொய் சொல்லாத. தொற. அவ என் நாக்கத்தான் வேண்டிக்கினா, காத வேண்டிக்கல. நீ தின்னு, எப்புடி கீதுன்னு சொல்லு."

"நல்லா கீது."

"இதுக்கு நீ சொல்லாமலே இருக்கலாம். கத்திரிக்கா கொழஞ்சிதா? புளி ஏறியிருக்குதா? உப்பு?"

வேடியப்பன் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கருவாட்டை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம் என்றார். ராஜேந்திரன் தயிர்ச்சோற்றை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்றதும் கண்ணைத் திறந்து, "உனக்கு சரின்னா எனக்கு ஒரு கல்லு கம்மின்னு அர்த்தம். உன் பொண்டாட்டி கைக்கு உப்புன்னா அவ்ளோ கஞ்சம்" என்றார். பிறகு தயிர்ச்சோற்றை வழித்துத் தின்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சில நாள் அவன் ஏங்கக் கூடாதே என்று வேடியப்பன், "இன்னைக்கு சுமாருதாண்டா" என்பார். ராஜேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நானே சாப்புட முடியாதவன், என்கிட்ட எதுக்குடா ஏமாத்து வேல?" என்பார். வேறு வழியில்லாமல் பேச்சே வராத வேடியப்பன் பேசக் கற்றுக்கொண்டார். நெத்திலி மண்டை கடிபடுகிற சத்தத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டார், களி தொண்டையில் வழுக்கி இறங்குவதைச் சொல்லக் கற்றுக்கொண்டார். இரண்டு பேருக்குச் சேர்த்து ஒருவர் சாப்பிட்டார். வேலையை விட்ட பிறகும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராஜேந்திரன் செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதையில் நடந்து அடி அண்ணாமலையில் இருக்கும் வேடியப்பன் வீட்டுக்கு வந்துவிடுவார். அடுப்பங்கரை நிலைப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார். எல்லம்மாள் தனிப் பாத்திரத்தில் வடித்த சோற்றில் பருப்போ தயிரோ ஊற்றித் தருவாள். கருவாட்டுச் சட்டியைத் தொட்ட கரண்டியைக்கூட அதில் விட மாட்டாள்.

ஒரு தடவைகூட அவர் நாக்கில் பட்டதில்லை. ஒரு தடவைகூட.

"நீயேன்யா வாயத் தொறந்த?" என்றாள் எல்லம்மாள். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த வேடியப்பன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "காலமெல்லாம் பேசாத மனுஷன் நேத்துதான் பேசணுமா? அந்தப் பொண்ணு என்னா பாடுபடும்? புள்ளத்தாச்சி மருமவள வெச்சிக்கினு?"

"அவனுக்கு இல்லாம போயிடும்னு சொன்னேன்."

"சொல்லி என்னாத்தக் கண்ட? இருந்தப்ப நல்ல பேரோட இருந்தாரு. அதையும் இல்ல கெடுத்துட்ட."

எல்லம்மாள் வைத்தாலும் வேடியப்பனுக்கு இனிக் கருவாடு இறங்காது என்று தெரிந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லாமல் அதைத் தின்று என்ன ஆகப்போகிறது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல எல போடலாம். அவனுக்கு."

"நாம என்னா பங்காளியா? படைக்கறதுக்கு மொற வாணாம்?"

"வாரா வாரம் வந்து உக்காந்தானே, மொற பாத்தா வந்தான்?"

எல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை அவளே டவுனுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து நெத்திலி வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜேந்திரன் வழக்கமாக உட்காரும் நிலைப்படிக்கு முன்னால் இலை போட்டார்கள். படம் இல்லை. பஸ்ஸுக்கு ஆயுத பூஜை போட்ட அன்று இரண்டு பேரும் சந்தனம் பூசி நின்ற பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதில் தானும் நிற்பதால் படையலுக்கு வைக்கலாமா என்று வேடியப்பனுக்குச் சந்தேகம். எல்லம்மாள் அதைத் திரும்ப மாட்டிவிட்டாள். இலையில் கேழ்வரகுக் களி உருண்டை, நடுவில் குழித்துக் கருவாட்டுக் குழம்பு. ஓரத்தில் கொய்யாக்காய். நாக்கில் ஒரு சொட்டுக்கூட வைத்துப் பார்க்காமல் சமைத்திருந்தாள். கற்பூரம் காட்டிவிட்டு இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

வாசல் படியில் உட்கார்ந்தார்கள். வெயிலில் செருப்பில்லாமல் மலை சுற்றுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். வேடியப்பன் மலையைப் பார்த்தார். ஏதாவது தப்பாக இருந்தால் என்னைக் கேள், அவனைக் கேட்காதே என்று மனசுக்குள் சொன்னார்.

மாறனின் பைக் வந்து நின்றது. பின்னால் உண்ணாமலை.

எதிர் வீட்டு வள்ளி வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். துக்க வீட்டுக்காரி காரியம் முடிந்த கையோடு இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். மிதித்தால் அந்த வீட்டுக்காரர்களே சங்கடப்படுவார்கள். எல்லம்மாள் எழுந்து ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள். வேடியப்பன் எழுந்து நின்றார், நாலு வார்த்தை திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறாள் என்றே நினைத்தார். வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

உண்ணாமலை சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வாடை வந்தது. நிலைமை புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"அவருக்காண்ணா?"

"ஆமாம்மா. உன் வீட்டுல இல்ல. இது என் வீடு. பாவம்னா எனக்கு" என்றார் வேடியப்பன். "ஆனா சத்தியமா சொல்றேன், அவன் ஒரு நாளும்..."

"தெரியும்ணா." படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம சட்டையத் தொவைக்கிறப்பல்லாம் வாட வரும். கருவாட்டு வாட தெரியாதா எனக்கு? கேக்கல. கேட்டு அவரு ஆமான்னு சொல்லிட்டா நான் என்னா பண்ணுவேன்? இவனுக்கு சளி புடிச்சாக்கூட, அதுனாலதானோன்னு ராவெல்லாம் தூங்காம கெடப்பேன். அன்னைக்கு நீங்க சொன்னதும், சரி, இத்தன வருஷம் நெனச்சது நெசம்தான்னு ஆயிடுச்சு."

மாறன் பைக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

"நேத்து நந்தினி சொன்னா" என்று தொடர்ந்தாள். "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தான்னா அவரு அவள உக்கார வெச்சிக் கேப்பாரு. என்னா மீனு ஆக்குனாங்க, முள்ளு ஜாஸ்தியா, புளி எப்புடி, உப்பு எப்புடின்னு. நான் சமையக்கட்டுல இருந்து கேட்டுக்கினுதான் இருப்பேன். மருமவகிட்ட பாசமா பேசறாருன்னு நெனச்சேன். பெரிப்பா சொன்னது நெசம் அத்த, மாமா என்கிட்டயும் அப்புடித்தான் சாப்டாருன்னு சொல்லி அவ அழுவறா." உண்ணாமலை சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அவருக்கு உசுரு அதுலதான்னு தெரிஞ்சிதாண்ணா வேண்டிக்கினேன். புடிக்காதத உடறேன்னு சொன்னா சாமி புள்ளயக் குடுக்குமா? ஆனா அவர ஒரு வார்த்த கேக்கல. கடசி வரைக்கும் கேக்கல."

"அவன் உன்ன ஒரு நாளும் கொற சொல்லலம்மா" என்றார் வேடியப்பன். அதுவும் உண்மைதான்.

உண்ணாமலை மடியிலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள். விளிம்பு நெளிந்துபோன, ராஜேந்திரனின் டீத் தம்ளர். "இது இல்லாம எங்க உக்காந்து சாப்புடுவாரு? இன்னைக்கு நீங்க எல போடாம இருக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. அதான் எடுத்தாந்தேன். சாவற வரைக்கும்னுதான் வேண்டிக்கினேன். காப்பாத்திக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு. இனிமே சாப்புடட்டும்."

சாத்திய கதவை நடுவில் திறக்கக் கூடாது. எல்லம்மாள் வாசல் குடத்திலிருந்து தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து சாத்திய கதவுக்கு வெளியிலேயே வைத்தாள். நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மெதுவாகச் சாப்பிடட்டும் என்று வேடியப்பன் வழக்கத்தைவிட நேரம் கொடுத்தார்.

பிறகு எழுந்து கதவைத் தட்டினார்.

படைத்ததைச் சாப்பிட்டாக வேண்டும். எல்லம்மாள் அந்த இலையிலிருந்து எடுத்து வேடியப்பனுக்கு வைத்தாள். உண்ணாமலை தனக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவளுடைய வேண்டுதல் இன்னும் இருக்கிறது. நேராகப் போய் அடுப்பங்கரை நிலைப்படியில், ராஜேந்திரன் உட்காரும் அதே இடத்தில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அது அவர் இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வேடியப்பன் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். தொண்டைக்குள் இறங்கவில்லை.

"எப்புடி கீதுண்ணா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

வேடியப்பன் தலை நிமிராமல், "நல்லா கீதும்மா" என்றார்.

"அவருகிட்ட இப்புடித்தான் சொல்லுவீங்களா?"

வேடியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழுங்கினார். பிறகு ஆரம்பித்தார். கத்தரிக்காய் குழைந்து காம்பு மட்டும் நிற்கிறது என்றார். புளி பழைய புளி, நெத்திலி நன்றாக வறுபட்டிருக்கிறது, மண்டை கடிபடுகிறது என்றார். களி சூடு ஆறினாலும் உள்ளே வெதுவெதுப்பு இருக்கிறது என்றார். உண்ணாமலை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது கவளம் இறங்கியது. மாறன் வாசலில் நின்றபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு?" என்றாள்.

வேடியப்பன் இன்னொரு வாய் வைத்தார். நிதானமாக மென்றார். சட்டென்று எல்லம்மாளைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, தேய்க்க ஒன்றுமில்லாத மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் அங்கே நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஒரு கல்லு ஜாஸ்திம்மா" என்றார் வேடியப்பன். "அவனுக்கு சரியா இருந்திருக்கும்."